அப்பனுக்கும் பந்தாங்

“நேரா போங்கக்கா” என்றேன். லெட்சுமி அக்கா நேராகப் போனார்.

சிம்மோரைத் தாண்டியதும் வழக்கமாக ஒரு சந்தில் திரும்பச் சொல்வேன். ஒரு சுற்று சுற்றி, மறுபடி ஈப்போ பக்கம் வந்து இறங்கினால் அன்றைய பாடம் முடிந்தது. அன்று அந்தச் சந்து வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. சுங்கை சிப்புட் வந்தபோதும் திறக்கவில்லை. ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டங்கள் இரண்டு பக்கமும் வந்துகொண்டே இருந்தன. பின்னால் லோரிகள் ஹாரன் அடித்து ஓய்ந்தன. முன்னும் பின்னும் ‘எல்’ ஒட்டிய எங்கள் சின்னக் கார் பழைய ரோட்டில் தன்பாட்டுக்கு உருண்டது.

“தம்பி, ரோடு முடிஞ்சிருச்சி. இனிமே ஆறுதான். எறக்கவா?”

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே பேராக் ஆறு. நாங்கள் கோலா கங்சாரில் இருந்தோம்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் என்பது இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டி வந்த தாளில் என்னைச் சந்திப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஈப்போவில் இடது சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் கூடுதல் பிரேக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவன் நான். பெயர் குணா. இந்த வேலைக்கு வேண்டியது இரண்டே தகுதிகள். வாய் ஓயாமல் பேச வேண்டும், உயிர்மேல் கொஞ்சம் ஆசை வேண்டும். அந்தக் காலத்தில் என்னிடம் இரண்டும் கையிருப்பில் இல்லை.

லக்சா கடையில் ஒரு விசாரணை

“நேரா போங்கன்னா இவ்ளோ தூரமா போவீங்க?” என்று கேட்டேன்.

“நீங்கதானே போன பாடத்துல ஏசுனீங்க, நான் சொல்லாம திரும்பக் கூடாதுன்னு. நான் திரும்பல.” ஐம்பதைத் தாண்டிய லெட்சுமி அக்கா பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்ப்பவர். அன்றுதான் முதல்முறையாக நாலாவது கியர் போட்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. “சரி, வந்தது வந்தாச்சு. லக்சா சாப்புடலாம் வாங்க.”

ஆற்றோரக் கடையில் உட்கார்ந்தோம். லக்சா நூடுல்ஸில் ஊற்றிய குழம்பின் மீன் வாசனை மூக்கில் ஏறியது, நாக்கில் மட்டும் எதுவும் ஏறவில்லை. கொஞ்ச நாளாகவே எல்லாச் சாப்பாடும் அப்படித்தான் இருந்தது.

“ஆமா, புள்ள பொறந்திருக்காமே. பொண்ணாம்ல? யாரு ஜாடை?”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். என் மகள் பிறந்து சில வாரம் ஆகியிருந்தது. அவள் யார் ஜாடை என்று எனக்குத் தெரியவில்லை. நான் சரியாகப் பார்த்திருக்கவே இல்லை.

“போட்டோவாச்சும் காட்டுங்க லா.”

போனைத் திறந்தேன். பக்கவாட்டுப் பார்க்கிங்கில் கம்பத்தை இடித்த மாணவர்கள் வரிசையாக இருந்தார்கள், நசுங்கிய பம்பர்கள் இருந்தன, என் மகள் இல்லை. லெட்சுமி அக்கா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் லக்சாவைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

அன்று என்னைப் பயமுறுத்தியது வழி தவறியது அல்ல. ஆறு குறுக்கே வந்ததும் எனக்குள் ஒரு சின்ன ஏமாற்றம் எழுந்ததே, அதுதான். அக்கா இன்னும் நேராகப் போயிருக்கலாம் என்று இருந்தது. எனக்கு வீட்டுக்குத் திரும்பவே விருப்பமில்லை. வீட்டில் என் மனைவி கவிதா இருந்தாள், நான் ஒருமுறைகூடத் தூக்காத மகள் இருந்தாள்.

தாடி செய்த துரோகம்

அவர்கள் இருவரையும் லக்சா கடையிலேயே விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். அந்த இருவரில் நானும் ஒருவன்தான், இருந்தாலும் அந்த ஆளை யாரோ போல எழுதத்தான் கை வருகிறது.

இத்தனை நாள் வீட்டில் யாரும் எப்படிக் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். காரணம் தாடி. மனைவி மாசமாக இருக்கும்போது கணவன் முடி வெட்டக்கூடாது, தாடி எடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். ஈப்போவில் அப்படி ஒரு ஆளைக் கண்டாலே “எத்தனை மாசம்?” என்று கேட்டுவிடுவார்கள். பிள்ளை பிறந்ததும் முதல் வேலையாக அவன் முடிவெட்டும் கடைக்கு ஓட வேண்டும். நான் ஓடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

ஆனால் ஊர் என்ன சொன்னது தெரியுமா? “குணா வேண்டுதல் வச்சிருக்கான் போல.” நான் வேலை பார்க்கும் டிரைவிங் இன்ஸ்டிடியூட் முதலாளி, கார் விபத்தில்லாமல் ஓட நான் விரதம் இருப்பதாக நினைத்து மகிழ்ந்தார். சாப்பிடாமல் இருந்தேன், விரதம் என்றார்கள். பேசாமல் இருந்தேன், மௌன விரதம் என்றார்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். தலைக்குக் குளிக்கிறான், நல்ல சுத்தம் என்றார்கள். நம் ஆட்களிடம் ஒருவன் உடைந்துபோவதற்குத் தாடியை விடப் பாதுகாப்பான மறைவிடம் கிடையாது.

அப்பா இருந்த விரதம்

இது எங்கள் பரம்பரைச் சொத்து என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். நான் பிறந்த புதிதில் அப்பா மாசக்கணக்கில் தோட்டத்துக் கோயில் சாமான் கொட்டகையில்தான் படுத்தாராம். விடிந்தால் ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போவார், வேலை முடிந்தால் கொட்டகைக்குத் திரும்புவார். தாடி மார்பு வரை வந்துவிட்டதாம். தோட்டமே அவரைப் பெரிய பக்திமான் என்று கொண்டாடியது. அந்த வருஷத் திருவிழாவில் அவருக்கு முதல் மரியாதைகூடக் கொடுத்தார்கள்.

எனக்கு எல்லாம் சரியான பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன். “அப்பா, அப்ப எந்தச் சாமிக்கு விரதம் இருந்தீங்க?”

அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சாமியாவது ஒண்ணாவது. வீட்டுக்குள்ள போவ பயமா இருந்திச்சி. உன்னய பாத்தா பயம். ஏன்னு எவனுக்குத் தெரியும்?”

“யாருகிட்டயும் சொல்லலியா?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மாலய போட்டுட்டானுங்க.”

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தபோது அவர் கண்ணைத் துடைத்தார், நானும் துடைத்தேன்.

தைப்பிங்கா, வீடா

லக்சா கடைக்குத் திரும்புவோம். லெட்சுமி அக்கா கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுக் கார் சாவியை ஆட்டினார்.

“இப்ப வீட்டுக்குப் போலாமா, இல்ல தைப்பிங் வரைக்கும் ஓட்டிப் பாக்கவா? எனக்கு இன்னிக்கி வேலை இல்ல.”

ஒரு நொடி உண்மையாகவே யோசித்தேன். தைப்பிங்குக்கு அப்பால் பாகான் செராய். அது என் மாமியார் ஊர். மாமியாரோ பிரசவம் பார்க்க வந்து என் வீட்டில்தான் இருந்தார். நிம்மதியாக ஓடிப்போவதற்குக்கூட எனக்கு ஒரு திசை ஒழுங்காக அமையவில்லை.

“வீட்டுக்கே போலாங்க்கா.”

திரும்பும் வழியில் அக்கா ஒன்றும் துருவவில்லை. இன்ஸ்டிடியூட் வாசலில் இறங்கும்போது மட்டும் சொன்னார். “தம்பி, நீங்க இப்படி உக்காந்திருந்தா நான் யாரையாச்சும் இடிச்சிருவேன். யாருகிட்டயாச்சும் சொல்லுங்க லா.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமையே மக்சிக், அதாவது உடம்பு பிடித்துவிடும் மலாய்க்கார அம்மா, வந்துவிட்டார்.

வாசலில் ஒரு பாக்சிக்

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எங்கள் ஊரில் பந்தாங் உண்டு. மலாய்க்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட சொல், இப்போது நம் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. பத்தியச் சாப்பாடு, வெந்நீர்க் குளியல், காலுறை, உடம்பு பிடித்துவிடுதல், வயிற்றைச் சுற்றி பெங்கோங் என்ற நீளத் துணிக்கட்டு. உடம்பு பிடிக்க கிராமத்து மக்சிக் ஒருவரை அத்தை (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். அவர் கணவர் பாக்சிக் மோட்டரில் கொண்டுவந்து விட்டு, வேலை முடியும்வரை வாசலில் குந்தியிருந்து கோப்பி குடிப்பார்.

மக்சிக் உள்ளே போய்ப் பார்த்தார். கவிதாவுக்கு ஆப்பரேஷன் செய்து எடுத்த பிள்ளை. “வயித்துல இப்ப கை வைக்கக் கூடாது, மூணு மாசம் போவட்டும். கை கால் மட்டும் பிடிக்கிறேன்” என்று மலாயில் சொல்லிவிட்டார்.

வாசலில் நான் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பாக்சிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமலேயே என் தோள்பட்டையில் கட்டை விரலை அழுத்தினார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“ஐயோ, உள்ள முழுக்கக் காத்து” என்றார் பாக்சிக். அவர் கால்பந்து விளையாடிச் சுளுக்கிக்கொள்ளும் பையன்களுக்குப் பிடித்துவிடுபவராம். என்னைக் கூடத்துப் பாயில் குப்புறப் போட்டார். எண்ணெய் போட்டு முதுகை ஒரு இழுப்பு இழுத்தார், பெரிய ஏப்பம் ஒன்று விட்டார். என் காற்றுதான் அவர் வழியாக வெளியே போகிறதாம். பிடிக்கப் பிடிக்க அவர் ஏப்பம் விட்டார், நான் அழுதேன். வலியில் அழுகிறேன் என்று ஆரம்பத்தில் நானே நினைத்தேன். வலி நின்ற பிறகும் அழுகை நிற்கவில்லை.

பாக்சிக் கையை எடுத்தார். அறைப் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். “இந்த ஆளுக்கு மெரோயான்.”

அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மனசு குலைந்துபோவதைத்தான் மெரோயான் என்பார்கள். “என்ன பாக்சிக் சொல்றீங்க? அது பொம்பளைக்கு வர்றது. மாப்ளைக்கு எப்படி வரும்?”

“வந்திருக்கு” என்றார் பாக்சிக்.

“அப்ப கட்டு” என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மக்சிக்கின் குரல் வந்தது. பெங்கோங் ஒன்று கதவிடுக்கில் வெளியே வந்தது. பாக்சிக்குக் கணுக்கால் கட்டுத்தான் தெரியும். மக்சிக் உள்ளேயிருந்து சொல்லச் சொல்ல அவர் என்னைச் சுற்றினார். இடுப்பிலிருந்து மேலே, இறுக்கு, இன்னும் இறுக்கு. கடைசியில் மார்புவரை வெள்ளைத் துணி, நெற்றியில் இஞ்சிப் பற்று, கூடத்து நடுவில் மல்லாக்க நான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வந்தார்.

கேள்வி அறைக்குள், பதில் கூடத்தில்

தாயையும் பிள்ளையையும் வீடு தேடி வந்து பார்க்கும் நர்ஸ் அவர். நம் ஆட்கள் நர்ஸ் எல்லோரையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வாசலில் செருப்பைக் கழற்றியவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றார்.

“அண்ணே, இந்த வீட்டுல புள்ள பெத்தது யாரு?”

அத்தை அறையைக் காட்டினார். மிஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. பிள்ளையை எடை பார்த்தார், கவிதாவின் தையலைப் பார்த்தார், பிறகு வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தார்.

“தூக்கம் எப்படிக்கா?”

“புள்ள தூங்குனா தூங்கிருவேன் மிஸ்ஸி.”

“எனக்கு வரதில்ல” என்றேன் கூடத்திலிருந்து.

ஏன் சொன்னேன் என்று தெரியாது. அந்தக் கட்டோடு எழுந்து ஓட முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மிஸ்ஸி அடுத்த கேள்விக்குப் போனார்.

“காரணமில்லாம அழுகை வருதாக்கா?”

“அப்படியெல்லாம் இல்ல மிஸ்ஸி.”

“வருது” என்றேன்.

“எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாச்சும் போயிரலாம்னு தோணுதா?” இந்த முறை கேள்வி கதவருகில் கேட்டது. மிஸ்ஸி வெளியே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“கோலா கங்சார் வரைக்கும் போயிட்டேன் மிஸ்ஸி.”

“உயிர விட்டுரலாம்னு?”

“அது இல்ல. திரும்பி வர மனசு இல்ல, அவ்ளோதான். புள்ளய பாத்தா ஒண்ணும் தோண மாட்டேங்குது. என் புள்ளதான்னு தெரியுது, ஆனா ஒண்ணும் தோணல.”

அறை வாசலில் கவிதா நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் வழியும் முகம், காலில் உறை. நான் வெள்ளைத் துணியில், அவள் பூப்போட்ட கைலியில், இரண்டு பேருமே அன்று பிரசவித்தவர்கள்தான்.

“பொண்ணு பொறந்திருச்சேன்னு வருத்தமா இருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றாள். “அதான் கேக்கவே பயந்தேன்.”

நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். அத்தனை வாரம் அவள் அந்த நினைப்போடு பக்கத்தில் படுத்திருந்தாள் என்பதை இப்போது எழுதும்போதும் நெஞ்சு வலிக்கிறது.

“இது நோய்க்கா” என்றார் மிஸ்ஸி. “அப்பாவுக்கும் வரும். நெறைய பேருக்கு வருது, யாரும் வாயத் தெறக்கறதில்ல. திங்கக்கெழம கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க, டாக்டர்கிட்ட நான் பேசுறேன்.” பிறகு அத்தையைப் பார்த்தார். “அதுவரைக்கும் தனியா விடாதீங்க. மூச்சு விடுற அளவுக்குக் கட்டத் தளர்த்துங்க.”

பூண்டு வாத்தியார்

திங்கட்கிழமை வரை தனியாக விடாதீர்கள் என்று சொன்னதை அத்தை தன் பாணியில் எடுத்துக்கொண்டார். எனக்கும் பந்தாங் போட்டுவிட்டார். ஐஸ் தண்ணீர் கிடையாது. நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு, சுறாப்புட்டு, மிளகு ரசம், கவிதாவுக்கு ஒரு தட்டு என்றால் எனக்கு ஒரு தட்டு. “கால்ல உறை போடுங்க மாப்ள, காத்து ஏறும்.” அந்தக் கொதிக்கும் வெயிலில் கம்பளிக் காலுறையோடு கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த ஒரே வாத்தியார் பேராக் மாநிலத்தில் நானாகத்தான் இருப்பேன். ஏர்கோன் போட்டால் கார் முழுக்கப் பூண்டு மணக்கும். லெட்சுமி அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வார். அவர் முதல் தடவையிலேயே லைசன் எடுத்தார். நெடுந்தூரப் பயிற்சி அவர் அளவுக்கு யாருக்கும் கிடைத்ததில்லை.

பூண்டுதான் குணப்படுத்தியது என்று எழுதினால் அத்தை மகிழ்வார், டாக்டர் கோபித்துக்கொள்வார். கிளினிக்குக்குப் போனேன். பேச ஒருவர் இருந்தார், அவரிடம் வாராவாரம் பேசினேன். கொஞ்ச காலம் மாத்திரையும் சாப்பிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு உடம்பு சரியில்லை, நீ உட்கார், நான் சோறு போடுகிறேன் என்று அந்த வீட்டில் ஒருவர் எனக்கும் சொன்னார். அந்தத் தட்டை வாங்கும்போது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மகளைத் தூக்கவும் ஆரம்பித்தேன். பேச உட்கார்ந்த ஆலோசகர் தினமும் கொஞ்ச நேரம் தூக்கிப் பழகுங்கள் என்றார். பாடம் என்றால் எனக்குப் பழக்கம், செய்தேன். பஸ் நிலையத்தில் யாரோ ‘இதைக் கொஞ்சம் பிடிங்க’ என்று கொடுத்துவிட்டுப் போன பையைப் போலத்தான் பிடித்திருந்தேன். பத்திரமாகப் பிடித்தேன், உரியவர் வந்ததும் கொடுத்தேன். மனசுக்குள் ஏதாவது வருமா என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. ஆலோசகர் அவசரப்படாதீர்கள் என்றார்.

யாருகிட்ட

மூன்று மாதம் கழித்து மக்சிக் கவிதாவின் வயிறு பிடிக்க மறுபடி வந்தார். அதுதான் கடைசி நாள். வேலை முடிந்து கவிதா குளிக்கப் போயிருந்தாள். காலையிலிருந்து வீறிட்டுக்கொண்டிருந்த என் மகள் யாழினியை மக்சிக் தோளில் போட்டுத் தட்டினார். அவள் அடங்கினாள். அடங்கியதோடு இல்லை, மக்சிக்கின் கழுத்தில் முகத்தைப் பதித்துக்கொண்டு சொகுசாகப் பெருமூச்சு விட்டாள்.

“இது எனக்குப் பொறந்த புள்ள” என்றார் மக்சிக். “நான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

அத்தை சிரித்தார். பாக்சிக் விளையாட்டுக்கு மோட்டரைக் கிளப்பினார். மக்சிக் யாழினியோடு கேட் பக்கம் நடந்தார்.

நான் படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். பாசம் வரும், வந்தால் இப்படி இருக்கும் என்று நான் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தேன். வந்தது பாசம் இல்லை. சுத்தமான பொறாமை. என்னிடம் ஒருநாளும் விடாத பெருமூச்சை அந்தப் பொண்ணு எப்படி இன்னொருத்தர் தோளில் விடலாம்?

“குடுங்க மக்சிக்.”

“நீ வேலைக்குப் போப்பா. நான் வளத்துக்கிறேன்.”

ஒற்றை ஷூவோடு போய் கேட்டை மறித்துக்கொண்டு நின்றேன். “குடுங்க. அது என் புள்ள.”

சிவப்பு விளக்கில் பாயப் போகும் மாணவனிடம் வருமே ஒரு குரல், அதில் சொல்லியிருக்கிறேன். பாக்சிக் மோட்டரை நிறுத்திவிட்டார். மக்சிக் என்னை ஒரு பார்வை பார்த்தார், சிரிக்கவில்லை, குழந்தையை என் தோளில் வைத்தார். யாழினி உடனே அலற ஆரம்பித்தாள். அலறலோடு குடித்த பாலையெல்லாம் என் சீருடையில் கக்கினாள். வெதுவெதுப்பாக முதுகில் வழிந்தது. எனக்குப் பயங்கரக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, அவளை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

குளியலறைக்குள்ளிருந்து கவிதா கத்தினாள். “ஏன் அழுவுறா? புள்ள யாருகிட்ட இருக்கு?”

அத்தை வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“எங்கிட்ட.”

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் சட்டென்று நின்றது.

“சரி” என்றாள் கவிதா. மறுபடி தண்ணீர் ஊற்றிக் குளிக்க ஆரம்பித்தாள்.